தராசு ஏந்திய பெண்: எக்விடாஸா, மோனேட்டாவா?

கேள்வி:
ரோமப் பேரரசர் டிராஜனின் தெனாரியஸ் (வெள்ளிக்காசு) ஒன்றின் பின்பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு வலக்கையில் தராசு, இடக்கையில் வளக்கொம்பு (கனிகள் நிரம்பி வழியும் கொம்பு). ஓரிடத்தில் எக்விடாஸ் (நேர்மையின் உருவம்) என்றும் இன்னோரிடத்தில் மோனேட்டா (நாணயச்சாலையின் தெய்வம்) என்றும் போட்டிருக்கிறார்கள். எது சரி? எழுத்து பாதி தேய்ந்துவிட்டது.

பதில் 1:
கொம்பை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஃபார்ச்சுனா (நற்பேறு), கான்கார்டியா (ஒற்றுமை), அன்னோனா (தானிய வழங்கல்), லிபரலிடாஸ் (கொடை) எல்லாருமே அதை ஏந்துவார்கள். பெயரைச் சொல்வது மற்றக் கை: சுக்கான் இருந்தால் ஃபார்ச்சுனா, வழிபாட்டுத் தட்டு என்றால் பெரும்பாலும் கான்கார்டியா, எண்ணும் பலகை என்றால் லிபரலிடாஸ். தராசு மட்டும்தான் சிக்கல், ஏனென்றால் அது இருவருக்கும் பொது. எக்விடாஸின் தராசு பேரரசரின் நேர்மையைக் குறிக்கும். மோனேட்டாவின் தராசு காசின் எடை குறையாததற்கு உறுதி. ரோமின் நாணயச்சாலை ஜூனோ மோனேட்டா கோயிலை ஒட்டித்தான் இருந்தது. ஆகவே உருவம் தீர்க்காது, வாசகம்தான் தீர்க்கும். டிராஜனுக்கு முந்தைய பேரரசர் டொமிஷியனின் ஆஸ் என்ற செப்புக்காசுகளில் 'மோனேட்டா அகஸ்டி' என்றே பொறித்திருப்பதால் அங்கே குழப்பமில்லை.

பதில் 2:
டிராஜனிடம் அந்த வழியும் அடைபடுகிறது. கி.பி. 103 முதல் 111 வரையிலான தெனாரியஸ்களில் பின்பக்க வாசகம் பெரும்பாலும் 'காஸ் வி பி பி எஸ் பி க்யூ ஆர் ஆப்டிமோ பிரின்க்' என்றுதான் ஓடும். ஐந்தாம் முறை கான்சல் (ரோமின் உயர் பதவி), நாட்டின் தந்தை, மேன்மைமிகு தலைவருக்கு செனட்டும் ரோமானிய மக்களும் என்பது அதன் பொருள். பெண்ணின் பெயர் அதில் வராது. பட்டியல்களில் எக்விடாஸ் என்றே போடுவது வழக்கம். அது பொறிப்பு சொல்வதல்ல, ஊகம்.

வாசிக்க: விளக்கைக் காசின் மட்டத்துக்கே தாழ்த்திப் பக்கவாட்டில் வையுங்கள், காசை மெல்லச் சுழற்றுங்கள். எழுத்து இடக்கீழே தொடங்கி வலஞ்சுழியாக ஓடும். சொற்களுக்கிடையே இடைவெளி தேடாதீர்கள். தேய்த்துக் கழுவவே கூடாது, மிஞ்சிய எழுத்தும் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
'ஆப்டிமோ' தெரிகிறது. ஆனால் தராசே சந்தேகம். இரண்டு புள்ளிகள்தான் மிஞ்சியிருக்கின்றன.

பதில் 1:
தராசின் நூல்கள் மெல்லிய கோடுகள், சீக்கிரம் தேய்ந்துவிடும். தட்டுகள் புள்ளிகளாக நிற்கும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் தராசுதான். கீழ்நோக்கிச் சாய்ந்த கொத்து என்றால் கோதுமைக் கதிராக இருக்கலாம். அப்போது காலடியைப் பாருங்கள்: தானிய மரக்காலோ கப்பல் முகப்போ இருந்தால் அவள் அன்னோனா, ரோமின் தானிய வழங்கலின் உருவம்.