மூணாவது தடவையும் விசிட்டர் கார்டு: சபையில ஒட்டுறது எப்படி?

சாத்தான்குளத்துக்காரி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். சென்னையில டயாலிசிஸ் யூனிட்ல நர்ஸா இருக்கேன், வேளச்சேரியில ஹாஸ்டல். ரெண்டு வருஷமா ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலுக்குப் போறேன், பேர் வேண்டாம். போன ஞாயிறு ஆராதனையில "புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்க"ன்னாங்க. நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன். வரவேற்பு அக்கா நேரா எங்கிட்ட வந்து, சிரிச்ச முகமா கார்டும் பேனாவும் நீட்டினாங்க. இது மூணாவது கார்டு. மூணும் அதே அக்காதான். எழுதிக் கொடுத்துட்டேன், வேற என்ன செய்ய.

ஊர்ல இப்படி இல்ல. சமைக்க அரிசி அளக்கும்போதே ஒரு பிடி எடுத்து காணிக்கைப் பானையில போடுவா எங்கம்மா. அசனம்னு ஊருக்கே கோயில்ல சோறு போடுற விருந்துக்கு முந்தின ராத்திரி கோயில் வளவுல பாய் விரிச்சு ஊரே வெங்காயம் உரிக்கும். மறுநாள் சோறு வாங்க சட்டியத் தூக்கிட்டு வரிசையில நின்னா, பரிமாறுற மாமா "உங்கம்மா எங்கட்டி?"ன்னு கேட்டுட்டுத்தான் கரண்டியவே எடுப்பார். அம்மா இறந்தப்போ துக்கமணி அடிச்சு முடிக்குமுன்ன வீடு நிறைஞ்சிருச்சு. எங்க வீட்டு அடுப்பை ஒரு வாரம் நாங்க பத்த வைக்கல.

இங்க எனக்கு டெங்கு வந்து மூணு ஞாயிறு போகல. நாலாவது ஞாயிறு போனேன். ஒருத்தரும் கேக்கல, ஏன்னா நான் வராதது ஒருத்தருக்கும் தெரியல. ஆராதனை நடுவுல ஒருத்தருக்கொருத்தர் கை கொடுத்து சமாதானம் சொல்லும்போது பக்கத்துல இருக்கிறவங்க என் விரல் நுனிய மட்டும் தொட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிறாங்க. வாரத்துக்கு மூணு நாள், நாலு மணி நேரம் மிஷினோட படுத்திருக்கிற என் நோயாளிங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. அதுல பாதிப்பேர் கோயில் பக்கமே போகாதவங்க.

சபை மாறணுமா? இல்ல, எங்கிட்டதான் ஏதும் கோளாறா? ஷிப்ட் வேலை, மாசத்துல ரெண்டு ஞாயிறுதான் கிடைக்கும்.

ஜெபவீரன்_87

சிஸ்டர், தயங்காம மாறுங்க. எங்க சபையில ஏரியா வாரியா வீட்டுக்கூட்டம் உண்டு, பத்துப் பதினைஞ்சு பேர்தான். ஒரு வாரம் வரலைன்னா லீடர் போன் பண்ணிடுவார். பாரம்பரிய சபைகள்ல இதை எதிர்பார்க்க முடியாது.

வடாற்காட்டான்

லீடர் போன் பண்ணுவார், வாஸ்தவம். நாலாவது போன்லருந்து தசமபாகமும், அதான் சம்பளத்துல பத்துல ஒரு பங்கு காணிக்கை, விசாரிப்பார். சரி, அது கிடக்கட்டும்.

தங்கச்சி, மனசு நோகச் சொல்லல. ஊர்ல உங்களுக்குக் கிடைச்சது சபையால மட்டும் கிடைச்சதா? பாதி சொந்தக்காரங்களா இருப்பாங்க. நான் வேலூர்ப் பக்கத்துக் காலனி. வேலைக்காகத் தெற்கே ஒரு ஊருக்குப் போனப்போ, சபையில என்னை எல்லாரும் அன்பாத்தான் விசாரிச்சாங்க. "எந்த ஊரு? யாரு வீடு? அப்பா பேரென்ன?" மூணாவது கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு அன்பு கொஞ்சம் அளவாயிடுச்சு. கல்யாணப் பேச்சு வந்தா சுத்தமா நின்னுடும்.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் ஒண்ணாகி சி.எஸ்.ஐ. பிறந்துச்சு. அதுக்கே வருஷக்கணக்காப் பேசினாங்க. அடுத்த பெஞ்சோட ஒண்ணாகுறதுக்கு இன்னும் பேச்சுவார்த்தையே ஆரம்பிக்கல. யாரு வீடுன்னு கேக்காம உங்களுக்கு வெறும் கார்டு நீட்டுறாங்களே, என் கணக்குல அது பாதி நல்ல சபை.

பரங்கிமலை டீச்சர்

வடாற்காட்டுத் தம்பி சொன்னது உண்மை, எனக்கே வெட்கமாக இருக்கிறது. நானும் அந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்தவள்.

ஆனால் மகளே, உன் ஊர்ப் பக்கத்திலேயே முதலூர் இருக்கிறது. மஸ்கோத் அல்வாவுக்கு மட்டுமா அந்த ஊருக்குப் பேர்? கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதால் சொந்த ஊரில் குடியிருக்க விடாமல் துரத்தப்பட்டவர்களுக்காக 1799இல் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கி அமைத்த குடியிருப்பு அது. இருந்த சொந்தம் கைவிட்ட பிறகுதான் அங்கே சபையே உண்டானது.

நான் 2004இல் கணவரை இழந்து பாளையங்கோட்டையிலிருந்து மகனோடு இங்கே வந்தேன். ஒரு வருடம் உன்னைப் போலத்தான், கடைசி பெஞ்சு, ஆசீர்வாதம் முடிந்ததும் நேரே பஸ் ஸ்டாப். ஒரு நாள் மழை. நிற்க இடமில்லாமல் வெஸ்டரி பக்கம், ஆராதனைப் பொருள்கள் வைக்கும் அறைப் பக்கம், ஒதுங்கினேன். இரண்டு பெண்கள் திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது, துடைக்கத் துணி எடுத்தேன். அதில் ஒருவர், "முந்தானையில துடைச்சிராத பிள்ள, நூல் ஒட்டும்" என்று அதட்டினார். அந்தச் சபையில் என்னிடம் யாரும் உரிமையோடு பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு என் மகன் பத்தாம் வகுப்பு எழுதியபோது அவர்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், சம்பளம் வாங்காமல், நிறையத் திட்டி.

பைபிளில் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரம் வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிவிடுவோம். அதில் ரூப்புவின் தாயை எனக்கும் தாய் என்கிறார் பவுல். அந்த அம்மாள் அவருக்கு என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை. சோறு போட்டிருப்பார், திட்டியும் இருப்பார் என்பது என் ஊகம்.

கொயரில் சேர் என்று சொல்லமாட்டேன். ஷிப்ட்காரிக்கு பிராக்டிஸ் ஒத்துவராது. உன் சபையில் அதிகாலை ஆராதனை இருந்தால் அதற்குப் போ. கூட்டம் குறைவு, வயசானவர்கள் அதிகம். அவர்களுக்கு ஆள் தேவைப்படும்.

சாத்தான்குளத்துக்காரி

டீச்சரம்மா, மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். நைட் ட்யூட்டி முடிச்சு, அப்படியே ஆறு மணி ஆராதனைக்குப் போனேன். பாதி பிரசங்கத்துல தூங்கிட்டேன், மறைக்கல.

முன் பெஞ்சுல ஒரு பாட்டி. ஒரு கண்ணுல புரை எடுத்து மறு கண்ணுக்குக் காத்திருக்காங்களாம். பாமாலை நம்பர் சொன்னதும் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பாக்குறாங்க, அதுக்குள்ள ரெண்டு சரணம் போயிடுது. எட்டி எடுத்துக் கொடுத்தேன். அடுத்த பாட்டுக்கு அவங்களே புத்தகத்தைப் பின்னாடி நீட்டிட்டாங்க, திரும்பிக்கூடப் பாக்கல. முடிஞ்சதும் படியிறங்க என் தோளைப் பிடிச்சாங்க. கை நல்ல கனம்.

வடாற்காட்டு அண்ணன் சொன்ன மாதிரியே "யாரு வீட்டுப் பிள்ள?"ன்னு கேட்டாங்க. "ஹாஸ்டல்"னேன். "அதைக் கேக்கல"ன்னாங்க. நான் மேற்கொண்டு சொல்லல, அவங்களும் விட்டுட்டாங்க. இன்னொரு நாள் கேப்பாங்கன்னு நினைக்கிறேன்.

விசிட்டர் கார்டு அக்கா வாசல்லதான் நின்னாங்க. இந்தத் தடவை கார்டு நீட்டல. பாட்டியோட வந்ததால அவங்க பேத்தின்னு நினைச்சிருப்பாங்க.

ஆட்டோ ஏத்தி விடும்போது, "அடுத்த ஞாயிறு ட்யூட்டி பாட்டி, வரமாட்டேன்"னேன். "அப்ப அதுக்கடுத்த ஞாயிறு காலையில சாப்பிடாம வா. இட்லி கொண்டாரேன்"னாங்க.