சிலப்பதிகார அளவில் மேடை: 7 கோல், 8 கோல் என்றால் எத்தனை அடி?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் கோயில் திடலில் பள்ளிப் பிள்ளைகள் மாதவி அரங்கேற்றம் ஆடுகிறார்கள். அரங்கேற்று காதை சொல்கிறபடியே மேடை போடலாம் என்று இருக்கிறோம். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். இன்றைய கணக்கில் எவ்வளவுங்க? நாட்டிய சாத்திரம் எழுதிய பரதர் 64க்கு 32 முழம் என்கிறாரே, நம்முடையது ஏன் இவ்வளவு சிறிசு?

சென்னிமலையான்:
ஒரு கோல் 24 விரல். விரல் என்பது பெருவிரலின் அகலம், ஏறக்குறைய ஓர் அங்குலம். ஆக, கோல் 2 அடி. மேடை 14க்கு 16 அடி, தரையிலிருந்து 2 அடி உயரம், பலகைக்கும் உத்தரத்துக்கும் நடுவே 4 கோல், அதாவது 8 அடி. விரலை முக்கால் அங்குலமாக எடுத்துவிடாதீங்க. உத்தரம் 6 அடிக்கு இறங்கி, தலைக்கோலத்தோடு குதிக்கிற பிள்ளைக்கு இடிக்கும். ஒரே மூங்கிலை 2 அடிக்கு அறுத்து எல்லாத்தையும் அதாலேயே அளங்க.

கூத்துப்பட்டறை ஈரோடு:
64க்கு 32 மேடையே இல்லைங்க, மொத்த அரங்கக் கட்டடம். அதில் முன்பாதி 32க்கு 32 பார்வையாளருக்கு. மீதியில் கடைசி 16 முழம் ஒப்பனை அறை. சிலம்பு சொல்வது ஆடுகிற இடத்தை மட்டும். இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம். அதைவிடப் பெரிதாகக் கட்டினால் குரலும் முகபாவமும் தெளியாது என்கிறார் பரதர். மைக் குரலைச் சரிசெய்யும், முகத்தை என்ன செய்யும்? 32 முழம் 48 அடி. கடைசி நாற்காலி அதைத் தாண்ட வேண்டாம்.

காங்கேயம் வாசகன்:
சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதின உரையைக் கையில் வெச்சுக்குங்க. அவரை ஆதரித்த பொப்பண்ண காங்கேயன் நம்ம கொங்குநாட்டுக்காரர்.

விளக்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தூண் நிழல் ஆடுமிடத்திலும் விழக்கூடாது, அவையிலும் விழக்கூடாது. தூணுக்கு வெளியே ஃபோகஸ் லைட் வைத்தால் முகத்தில் கறுப்புக் கோடு ஓடும். உத்தரத்தில், தூணுக்கு உட்பக்கம் கட்டி, நிழல் பக்கவாட்டில் போகிறதா என்று இருட்டின பிறகு பாருங்க.

திரை மூன்று: ஒருமுக எழினி ஒரு பக்கமிருந்து உருவுவது, பொருமுக எழினி இரு பக்கமிருந்தும் வந்து சேருவது, கரந்துவரல் எழினி மேலிருந்து இறங்குவது. ஆடி மாசம்னா பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மூன்றாவதைத் தூக்கி உத்தரத்தில் சுற்றிவிடும். கீழ் மடிப்பில் இரும்புக் கம்பி கோத்துத் தையுங்க.

வாசல் இரண்டு, புக ஒன்று, புறப்பட ஒன்று. மாதவி வலக்காலை முன்வைத்து ஏறி வலத்தூண் அருகே போய் நிற்கிறாள். தோரிய மகளிர், அதாவது ஆடி முதிர்ந்த மூத்த ஆடல் மகளிர், இடத்தூண் பக்கம். அந்த இரண்டு தூணடியிலும் ஸ்பீக்கரை வைத்துவிடாதீங்க.