லைலி மஜ்னூன், வீஸ் ராமீன்: எந்தப் பெயர்ப்பைக் கையில் எடுப்பது?

பாரசீகக் கவிஞர் நிஜாமியின் காதல் காவியமான லைலி மஜ்னூனை ஆங்கிலம் வழியாகப் படிக்கப் போகிறவர்கள், கதைக்கு முந்தைய பகுதி நூலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தக் கதையைப் பாடச் சொல்லி ஷிர்வான் மன்னர் அக்ஸிதான் எழுதிய கடிதம் அங்கேதான் வருகிறது. தோட்டமும் இல்லை, அரச விருந்தும் இல்லை, வெறும் மணல், இதில் எதைப் பாடுவது என்று கவிஞர் தயங்குகிறார். மகன் முஹம்மது வற்புறுத்த, 4,000க்கும் மேற்பட்ட ஈரடிகளை 4 மாதத்துக்குள் பாடி முடித்ததாக அவரே சொல்கிறார். ஆண்டு 1188. இந்தத் தயக்கம் தெரிந்தால்தான், பாலையை அவர் ஏன் விலங்குகளாலும் விண்மீன்களாலும் நிரப்புகிறார் என்பது விளங்கும்.

ருடால்ஃப் கெல்ப்கேயின் உரைநடை (ஜெர்மன் 1963, ஆங்கிலம் 1966) எளிதாக ஓடும். ஆனால் அதில் முன்பகுதி இல்லை. கடைசி அத்தியாயம் 1997 பதிப்பில் வேறு இருவர் பெயர்த்துச் சேர்த்தது. ஜேம்ஸ் அட்கின்சனின் 1836 செய்யுள், மூலத்தை வெகுவாகச் சுருக்கியது. செய்யுளாகவே வேண்டுமென்றால் டிக் டேவிஸ் (2020).

வாங்கும் முன் ஒரே ஓர் இடத்தைப் புரட்டுங்கள். காதல் நோய் தீர வேண்டிக்கொள்ளட்டும் என்று தந்தை மஜ்னூனை கஅபாவுக்கு அழைத்துப் போவார். அவனோ கதவு வளையத்தைப் பற்றிக்கொண்டு, காதல் இன்னும் பெருகட்டும், என் ஆயுளில் மிச்சமிருப்பதை எடுத்து லைலியின் ஆயுளோடு சேர் என்பான். அந்த வேண்டுதல் ஓரிரு வரியில் முடிந்துவிட்டால் அந்தப் பெயர்ப்பு வேண்டாம். காவியத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

*

மேலே சொன்னதோடு, மூலத்தின் ஓசையையும் கொஞ்சம் பழகிக்கொள்வது நல்லது. ஃபார்ஸி (பாரசீக மொழி) தெரியாவிட்டாலும், ஒலிபெயர்ப்பை வைத்துக்கொண்டு எண்ணலாம். தனிக்குறில் குறு அசை. நெடிலும், ஒற்றடுத்த குறிலும் நீள் அசை. பலரும் தடுமாறுவது நெடிலை அடுத்து ஒற்று வரும்போது. வரியின் நடுவில் 'யார்' வந்தால் நீள், குறு என இரண்டாகக் கணக்கு. 'ஜான்' போல நெடிலுக்குப் பின் னகர ஒற்று வந்தால் நீள் ஒன்றே. வரியின் கடைசியில் இந்த வேறுபாடு கிடையாது. நம் நேர், நிரையை இங்கே கொண்டுவந்தால் கணக்கு குழம்பும்.

லைலி மஜ்னூனில் ஓர் அடிக்கு 10 அசை: நீள் நீள் குறு, குறு நீள் குறு நீள், குறு நீள் நீள். நிஜாமியின் இன்னொரு காதல் காவியமான குஸ்ரூ ஷிரீனில் 11: குறு நீள் நீள் நீள் இரண்டு முறை, பிறகு குறு நீள் நீள். ஒரே கவிஞர்தான், ஆனால் முன்னது விம்மும், பின்னது சரளமாக நடக்கும். உரைநடைப் பெயர்ப்பில் இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடுவது பெரிய இழப்பு.

*

குஸ்ரூ ஷிரீனின் அந்த 11 அசை யாப்பு, ஃபார்ஸிக் கவிஞர் கூர்கானியின் வீஸ் ராமீன் என்ற காதல் காவியத்தில் ஏற்கெனவே இருப்பது. அது 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, ஏறக்குறைய 9,000 ஈரடி. நிஜாமிக்கு முன்னால் இதைப் படித்தவர்களுக்கு அவர் எதை வாங்கினார், எதை மாற்றினார் என்பது தெளிவாகத் தெரியும். காதலன் ராமீனுக்கு வீஸ் எழுதும் பத்துக் கடிதங்களை மட்டுமாவது விடாதீர்கள். பின்னாளில் அதுவே தனி இலக்கிய வகையாக வளர்ந்தது.

12ஆம் நூற்றாண்டிலேயே இது ஜார்ஜிய உரைநடைக்குப் போய்விட்டது. ஃபார்ஸி ஏடுகள் சிதைந்த இடங்களில் அந்தப் பெயர்ப்பு கைகொடுக்கிறது. 1970 தெஹ்ரான் பதிப்பு அதைத் துணைக்கு வைத்தே தயாரானது. ஆங்கிலத்தில் ஆலிவர் வார்ட்ராப் (1914) பெயர்த்தது ஜார்ஜிய நூலை. ஜார்ஜ் மாரிசனின் உரைநடையும் (1972) டேவிஸின் செய்யுளும் (2008) ஃபார்ஸியிலிருந்து வந்தவை. வரிக்கு வரி ஒப்பிட மாரிசன், வாய்விட்டுப் படிக்க டேவிஸ்.

தமிழில் பெயர்க்க முயல்பவர்களுக்கு: விருத்தத்தில் இறங்காதீர்கள். இந்தக் காவியங்களின் வடிவமான மஸ்னவியில் ஒவ்வோர் ஈரடிக்கும் தனி இயைபு, பெரும்பாலும் பொருளும் அங்கேயே முடிகிறது. நாலடிக்குள் அடைக்க இரண்டு ஈரடிகளை ஒட்ட வேண்டியிருக்கும். மிச்ச இடத்தை அடைமொழிகள் பிடித்துக்கொள்ளும். தாயுமானவரும் குணங்குடி மஸ்தான் சாகிபும் பாடிய ஈரடிக் கண்ணியே இதற்கு நெருக்கமான வடிவம்.