லோ ஹிப், லோ வெயிஸ்ட் பிடிக்காதவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அக்கா மகனுக்குக் காதுகுத்து, நான் தாய்மாமன். கடைகளில் ஆண்களுக்கும் இடுப்புக்குக் கீழே நிற்கும் லோ ஹிப் பேன்ட் மட்டுமே தொங்கிய காலம். அதைப் போட்டுக்கொண்டு பிள்ளையை மடியில் வைத்துத் தரையில் சம்மணமிட்டேன். ஆசாரி கம்பியை எடுத்ததும் பிள்ளை திமிறினான், நான் குனிந்தேன், பேன்ட் பின்னால் இறங்கிவிட்டது. இரண்டு கையிலும் பிள்ளை, எப்படி இழுத்துவிட? பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் தன் தோளில் கிடந்த துண்டை என் இடுப்பில் போட்டார். வீடியோவில் எல்லாம் இருக்கிறது. வீட்டில் அதைப் போட்டால் எழுந்து போய்விடுவேன். அதே வெட்டு மறுபடி வருகிறதாம், நினைத்தாலே எரிச்சலாக இருக்கிறது.

*

மேலே எழுதிய தம்பி, உங்களுக்காவது துண்டு போட ஆள் இருந்தார். தி.நகரில் ஒரு கடை. பட்டன் மாட்டியதும் வயிறு இடுப்புப் பட்டிக்கு மேல் பிதுங்கியது. விற்பனைப் பெண், "அக்கா, உங்களுக்கு வயிறு இருக்கு, அதான் செட் ஆகல" என்றார். பிரசவமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை எனக்கு. பக்கத்தில் போட்டுப் பார்த்த ஒல்லிப் பெண்ணுக்கும் அதே இடத்தில் அதே பிதுக்கம்! துணியில்தான் குறை என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

*

காதுகுத்துக்கு வேட்டி கட்டியிருக்கலாமே என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்கிறேன், அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் சகோதரி, குறை துணியில் இல்லை, வெட்டில். நான் தையல்காரன். பைக்கில் காலைத் தூக்கிப் போட்டபோது பின்தையல் பிரிந்து, சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு கடைக்குள் ஓடிவந்த பையன் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

1993-ல் லண்டனில் ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீன் பேன்ட்டை இப்படி இறக்கி வெட்டியது, முதுகெலும்பின் அடிவரை தெரிந்து உடம்பு நீளமாகத் தோன்றட்டும் என்றுதான். மேலுடம்பு நீண்டால் கால் குட்டையாகத் தெரியும், பலருக்கு அது எடுப்பதில்லை. மேடையில் நடப்பவருக்குச் சரி, தரையில் உட்காருபவருக்கு?

வாங்கும்போது முன்பக்கம் கவட்டுத் தையலிலிருந்து பட்டியின் மேல்விளிம்பு வரை டேப் பிடியுங்கள். 7, 8 அங்குலம் என்றால் லோ. 10-க்கு மேல் என்றால் தொப்புள் பக்கம் நிற்கும். பின்பக்கம் அதைவிட நல்ல உயரம் வேண்டும், உட்காரும்போது அங்கேதான் இழுபடும். பட்டியை நேராக வெட்டியிருந்தால் முதுகில் வாய் பிளக்கும், வளைத்து வெட்டியதாகப் பாருங்கள். பெல்ட்டை இறுக்காதீர்கள், வயிறு இன்னும் பிதுங்கும். அப்புறம், கண்ணாடி முன் நின்று பார்த்தால் போதாது. டிரையல் ரூமிலேயே குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள்.