சம்பளம் 200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) குறைந்தாலும் பள்ளி மாறினேன். உங்கள் அனுபவம்?

செந்தூல் டீச்சர்:
தனியார் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி ஒன்பது வருடம். கோலாலம்பூரிலேயே இது இரண்டாவது பள்ளி. முதல் பள்ளியைச் சம்பளத்துக்காக விட்டேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இல்லை. ஒரு நாள் இரவு பத்தரைக்கு ஓர் அம்மா வாட்சாப்பில், "மகனுக்கு எப்படி டீச்சர் பி வந்தது?" என்று கேட்டார். மறுநாள் விடைத்தாளோடு முதல்வரிடம் போனேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. "கட்டணம் கட்டுகிறவர்கள், கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்றார். ஏ போட்டேன். அதற்கப்புறம் அந்தப் பையன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் லேசாகச் சிரித்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இங்கே சம்பளம் 200 வெள்ளி குறைவு. வராத ஆசிரியருக்குப் பதிலாகப் போகும் ரிலீஃப் வகுப்புத் தொல்லை இங்கேயும் உண்டு. ஆனால் பெற்றோர் வந்தால் முதல்வர் அம்மா தாளை விரித்துவைத்து அவரே பேசுகிறார்.

பட்டர்வொர்த் அம்மா:
நான் தினமும் பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போகிறவள். அரசுப் பணி கிடைத்தால் கடல் தாண்டி சபா, சரவாக் என்று அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் தனியாரிலேயே தங்கிவிட்டேன். மூத்தவள் 2021இல் பிறந்தபோது 60 நாள்தான் பிரசவ விடுப்பு. 2023 ஜனவரியில் சட்டம் மாறியது, அந்த வருடக் கடைசியில் பிறந்த சின்னவனுக்கு 98 நாள் கிடைத்தது. சந்தோஷமாகத் திரும்பிப் போனால், என் ஐந்தாம் படிவ வகுப்பு வேறொருவர் கையில். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு வரை கூடவே போகலாம் என்று நாலாம் படிவத்திலிருந்து வளர்த்த பிள்ளைகள், டீச்சர். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை, சரி. ஆனால் பாலத்து நெரிசல் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

ஓய்வு பெற்ற சார்:
மரியாதை, மனநிறைவு எல்லாம் சரிம்மா. இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்த்தீர்களா? உங்களிடம் பிடிக்கும் 11 சதவீதமும், 5,000 வெள்ளி வரை சம்பளம் என்றால் பள்ளி போட வேண்டிய 13 சதவீதமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். என் கடைசிப் பள்ளியில் எட்டு மாதம் பிடித்தார்கள், கட்டவே இல்லை. சம்பளச் சீட்டை நம்பாதீர்கள், கணக்கைத் திறந்து பாருங்கள்.

செந்தூல் டீச்சர்:
பார்த்தேன் சார். இரண்டு மாதம் காலி. நாளைக்கு அந்த முதல்வர் அம்மாவிடமே போய்க் கேட்க வேண்டும்.