பூர்வீகம் தெரியாத போவா: இனத்தை உறுதிசெய்து நல்ல கையில் ஒப்படைப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். வெளிநாட்டில் குடியேறிவிட்ட நண்பர் ஒருவரின் பாம்பு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. வாங்கிய ரசீதோ, வயது பற்றிய குறிப்போ, முன்பு யார் வளர்த்தார்கள் என்ற தகவலோ கிடைக்கவில்லை. "சிவப்பு வால் போவா" என்று மட்டும் அவர் சொல்லிச் சென்றார். நீளம் ஏறத்தாழ இரண்டு மீட்டர். வெளிர் பழுப்பு உடலின் முதுகில் சேணம் போன்ற கரும்பழுப்புத் திட்டுகள் வரிசையாக இருக்கின்றன. வாலை நெருங்கும்போது அவை செங்கல் நிறமாக மாறுகின்றன. மூக்கு நுனியிலிருந்து பிடரி வரை ஒரு கருங்கோடு ஓடுகிறது. இதன் இனத்தையும், எந்த நாட்டு வழிவந்தது என்பதையும் அறிந்துகொண்டு, முறையாக வளர்க்கக்கூடிய ஒருவரிடம் ஒப்படைக்க விரும்புகிறேன். என்னால் தொடர்ந்து வைத்திருக்க இயலாது. அதற்காக யார் தலையிலாவது கட்டிவிடவும் மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 1

அடுத்த முறை அது சட்டை உரிக்கும்போது அதை எறிந்துவிடாமல் விரித்து வைத்துப் பாருங்கள். பாம்பைப் பிடித்துத் துன்புறுத்தாமலேயே செதில்களை ஆராய அதைவிட நல்ல வழி இல்லை. குதத்துக்குக் கீழே, வாலின் அடிப்புறச் செதில்கள் ஒற்றை வரிசையாக இருந்தால் போவா. பெரும்பாலும் இரண்டிரண்டாகப் பிரிந்திருந்தால் மலைப்பாம்பு. உதட்டுச் செதில்களில் வெப்பத்தை உணரும் குழிகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்றும் கவனியுங்கள். பெரும்பாலான மலைப்பாம்புகளில் அவை தெளிவாகத் தெரியும், போவா கன்ஸ்டிரிக்டரில் தெரியாது. சட்டை உரியும்போது நீண்டுவிடும் என்பதால் அதை வைத்துப் பாம்பின் நீளத்தைக் கணக்கிட வேண்டாம்.

"சிவப்பு வால்" என்ற பெயரை விற்பவர்கள் இரண்டு இனங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். தென் அமெரிக்காவின் போவா கன்ஸ்டிரிக்டருக்கு வால் பெரும்பாலும் ஆழ்ந்த சிவப்பாக இருக்கும். மெக்சிக்கோவிலிருந்து மத்திய அமெரிக்கா வழியாக மேற்குக் கொலம்பியா வரை காணப்படும் போவா இம்பரேட்டருக்குப் பழுப்பு அல்லது செங்கல் நிறமே வழக்கம். செல்லப்பிராணிச் சந்தையில் மிகுதியாக இருப்பதும் அதுதான். நீங்கள் தரும் விவரம் இம்பரேட்டரின் பக்கமே சாய்கிறது. ஆனால் இவ்விரண்டையும் வளர்ப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கலந்திருப்பதால், நிறத்தை மட்டும் பார்த்து இன்ன நாட்டு வழி என்று எவராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

மறுமொழி 2

புதிய வீட்டைத் தேடும் முன் உடல்நலத்தைப் பாருங்கள் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். போவாக்களைத் தாக்கும் ஐ.பி.டி. (இன்க்ளூஷன் பாடி டிசீஸ்) என்னும் நோய்க்கு ஒருவகை அரீனா வைரஸ் காரணம் என்பது 2012 முதல் தெரியவந்துள்ளது. இதற்குச் சிகிச்சை இல்லை. அறிகுறியே காட்டாமல் ஒரு போவா பல காலம் அதைச் சுமந்து திரியக்கூடும் என்பதுதான் பெரிய ஆபத்து. உண்டதைக் கக்குதல், தலை நடுக்கம், மல்லாந்தால் புரண்டு நிமிர முடியாமை ஆகியவை தென்பட்டால் உடனே ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். எதுவும் தென்படாவிட்டாலும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மற்ற பாம்புகள் உள்ள வீட்டுக்கு இது போவதானால் அந்தச் சான்று இன்றியமையாதது. தாடையின் அடியிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்புப் புள்ளியாக ஊரும் உண்ணிகளையும் தேடுங்கள். நோயைப் பரப்புவதில் அவற்றுக்கும் பங்கு இருப்பதாகக் கருதப்படுகிறது.

கேட்டவர்

மிக்க நன்றி. பழைய சட்டை ஒன்று கூண்டிலேயே கிடைத்தது. வாலடியில் ஒற்றை வரிசைதான். பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். இதற்கிடையில், இனப்பெருக்கத்துக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். காட்டில் விட்டுவிடலாமே என்கிறார் இன்னொருவர்.

மறுமொழி 3

காட்டில் விடும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். கரீபியத் தீவான அரூபாவில் 1999-இல் முதன்முதலாகக் காணப்பட்ட போவா, பின்னர் அங்கே நிலைபெற்று உள்ளூர்ப் பறவைகளையும் பல்லிகளையும் தின்று வருகிறது. முட்டையிடாமல் குட்டி போடும் இந்தப் பாம்பு ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனும். ஆணின்றியே பெண் போவா குட்டி ஈன்றதும் பதிவாகியிருக்கிறது.

இனப்பெருக்கத்துக்குக் கேட்பவருக்கும் தர வேண்டாம் என்பது என் கருத்து. பூர்வீகம் தெரியாத ஒன்றின் குட்டிகளுக்கு யாராவது ஒரு நாட்டின் பெயரைச் சூட்டி விற்பார்கள். குழப்பம் இன்னும் பெருகும்.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் போவா கன்ஸ்டிரிக்டர் இருக்கிறது. அர்ஜென்டினாவின் கிளையினம் மட்டும் இன்னும் கடுமையான முதல் பட்டியலில் உள்ளது. ஆகவே ஆவணம் இல்லை என்பதை மறைக்காமல், உங்கள் நாட்டின் வனவிலங்குத் துறைக்கு எழுத்துமூலம் தெரிவித்து, அவர்கள் சொல்லும் வழியிலேயே கைமாற்றுங்கள். பெறுபவர் தேர்வில் அவசரம் வேண்டாம்: நன்றாகப் பராமரித்தால் இது இருபது முப்பது ஆண்டு வாழும், பிலடெல்பியா விலங்குக் காட்சியகத்தில் ஒன்று நாற்பது ஆண்டைத் தாண்டியது. கடைசியாக எப்போது இரை எடுத்தது, எப்போது கழித்தது என்று உங்களையே துருவிக் கேட்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். ஒப்படைப்புக் கடிதத்தில் "போவா இம்பரேட்டராக இருக்கலாம், பூர்வீகம் தெரியாது" என்று எழுதி, பரிசோதனை முடிவையும் அந்தச் சட்டையையும் சேர்த்துக் கொடுங்கள். கொண்டுசெல்வதற்கு ஒரு வாரம் முன்பே இரையை நிறுத்திவிட்டு, வாய் கட்டிய பருத்திப் பையில் இட்டு, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்திலும் ஒரு வாரம் கையில் எடுக்காமல், கூடு பழகிய பிறகே முதல் இரை தரச் சொல்லுங்கள்.