போர் தொடுக்கிற அதிகாரம் யார் கையில?

கேள்வி:
நண்பர்களே, ஒரு நாடு இன்னொரு நாட்டு மேல போர் தொடுக்கணும்னா அந்த முடிவை யார் எடுக்கலாம்? ஒத்த ஆள் கையெழுத்துல அத்தனை பேர் உயிர் தொங்குதுன்னு நினைச்சாலே மனசு பதறுது.

பதில் 1:
நாட்டுக்கு நாடு மாறும் ப்ரோ. அமெரிக்காவுல போர் அறிவிக்கிறது காங்கிரஸ் (அதாவது அந்த நாட்டு பார்லிமென்ட்), ஜனாதிபதி முப்படைத் தளபதி, அவ்ளோதான். ஆனா கடைசியா முறைப்படி அறிவிச்சது 1942ல, அப்புறம் கொரியா, வியட்நாம்னு எவ்வளவு ரத்தம், எதுக்கும் அறிவிப்பே கிடையாது. அதனாலதான் 1973ல ஜனாதிபதி நிக்சனோட வீட்டோவை (தடுக்கிற அதிகாரம்) மீறி ஒரு சட்டம் போட்டாங்க, படையை இறக்கினா 48 மணி நேரத்துல காங்கிரஸுக்குச் சொல்லணும், ஒப்புதல் இல்லன்னா 60 நாள்ல நிறுத்தணும்.

பதில் 2:
பிரிட்டன்ல அது மன்னர் பேர்ல பிரதமர் எடுக்கிற முடிவு, பார்லிமென்ட் ஓட்டு சட்டப்படி கட்டாயமில்ல. 2013 ஆகஸ்ட்ல சிரியா மேல ராணுவ நடவடிக்கை எடுக்கிற விஷயத்தை அப்போதைய பிரதமர் கேமரன் ஓட்டுக்கு விட்டார், 272க்கு 285ன்னு தோத்தார், அந்த ராத்திரியே சபையில எழுந்து சபையோட முடிவை ஏத்துக்கிறேன்னுட்டார். வெறும் 13 ஓட்டு வித்தியாசம்ங்க! 2018ல அதே சிரியா மேல தாக்குதல், அப்போதைய பிரதமர் தெரசா மே முன்கூட்டி ஓட்டுக்கே விடல. எனக்கு இது பெரிய அநியாயமா படுது.

பதில் 3:
உள்நாட்டு சட்டம் சரின்னாலும் ஐநா சாசனம் இருக்கே. தற்காப்பு, இல்லன்னா பாதுகாப்பு கவுன்சில் அனுமதி, இந்த ரெண்டுதான் வழி. கவுன்சில்ல 5 நாட்டுக்கு வீட்டோ இருக்கு, சிக்கலே அங்கதான்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. அந்த 60 நாள் கெடுவை மதிக்கிறாங்களா?

பதில் 1:
2011 லிபியாவுல கெடு தாண்டியும் குண்டு போட்டாங்க, கேட்டதுக்கு இது அந்தச் சட்டம் சொல்ற சண்டையே இல்லன்னு ஒபாமா அரசு வாதாடுச்சு.